எங்க ஸ்டோருக்குச் சக்கரம் பூட்டின வருஷம்

ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கிற அத்தனை சாமானுக்கும் அடியில சக்கரம் பூட்டினா என்ன ஆகும்னு யாருக்காவது தெரியணும்னா என்கிட்ட வந்து கேக்கலாம். கண்ணால பார்த்தவ நான். பார்த்தது மட்டுமில்ல, எந்தச் சாமானுக்கு எத்தனை சக்கரம், அது எந்தக் கோட்டு வழியா எங்க போய் நிக்கணும்னு படம் போட்டுக் குடுத்ததே நான்தான். ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷத்துல நடந்தது இது. இப்பவும் ஆஸ்பத்திரியில தள்ளுற கட்டிலைக் கண்டா எனக்கு எரிச்சல் வரும்.

தேயிலை பெக்டரியை எங்க பக்கத்துல ஸ்டோருன்னுதான் சொல்லுவோம். ஹட்டன்ல பஸ் ஏறி, பஸ் நிக்கிற எடத்துல எறங்கி, அதுக்கப்புறமும் ஒரு மணித்தியாலம் நடந்தா எங்க தோட்டம். அங்க மலைச் சரிவுல வெள்ளக்காரன் காலத்துத் தகர ஸ்டோரு ஒண்ணு இருந்துச்சு. மேல் மாடிகள்ல கொழுந்தை வாட்டுவாங்க. கீழ் தட்டுல அதை ரோலர்ல உருட்டி, புளிக்க வச்சு, டிரையர்ல காய வச்சு, சல்லடை ரூம்ல சலிச்சுப் பிரிச்சு, மூட்டை கட்டி லொறியில ஏத்துவாங்க. நான் அங்க கிளாக்கர். ஏ.எல். பரீட்சை எழுதிட்டு ஹட்டன்ல ஆறு மாசம் கட்டடப் படம் வரையிற கோர்ஸ் ஒண்ணு படிச்சிருந்தேன். தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல பொறந்து அந்த ஆபீசுக்குள்ள கதிரை போட்டு உக்காந்த மொத பொம்பளப் புள்ளங்கிற திமிரு எனக்கு நெறையவே இருந்துச்சு. வீட்டுலகூட நான் பேனையைக் காதுல சொருகிட்டுத்தான் திரிஞ்சேன்.

எங்கம்மாவுக்கும் அதே ஸ்டோருலதான் வேலை, சல்லடை ரூம்ல. அதுக்கு முன்னால பதினஞ்சு இருவது வருஷம் மலையில கொழுந்து பறிச்சவங்க. ஒரு மழை நாள்ல நெறஞ்ச கூடையோட சறுக்கி விழுந்து வலது முட்டி போயிருச்சு. சமதரையில நடப்பாங்க, ஏத்தம் எறக்கம்னா கால் மடங்கிரும். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, இந்தப் பொம்பளையை மலைக்கு அனுப்பக் கூடாதுன்னு துண்டு எழுதிக் குடுத்தாரு. அந்தத் துண்டாலதான் அம்மாவுக்கு ஸ்டோருல எடம் கெடைச்சுச்சு. சல்லடை ரூம்ல எட்டுப் பொம்பளைங்க, அதுல அம்மா ஒருத்தவங்க.

இப்பிடி இருக்கையிலதான் டீமேக்கர் ஐயா ஒரு நாள் காலையில என்னையக் கூப்பிட்டு கதவைச் சாத்தினாரு. ஸ்டோருக்குள்ள நடக்கிற அத்தனைக்கும் பொறுப்பு அவருதான். கண்டிப் பக்கத்துச் சிங்களவரு, ஆனா எங்களை மாதிரியேதான் தமிழ் பேசுவாரு, கோவம் வந்தா மட்டும் சிங்களம். "தங்கச்சி, நம்ம ஸ்டோரை மூடப் பாக்குறாங்க," அப்பிடின்னாரு. கம்பனிக்குப் பக்கத்துப் பக்கத்துல மூணு சின்ன ஸ்டோரு. மூணுலயும் அடுப்பு எரியுது, மூணுலயும் வெறகு போகுது. ஒண்ணு போதும்னு மேல பேசிக்கிறாங்களாம். ஆனா வெளிநாட்டுல ஒரு தேயிலைக் கம்பனி, சுத்துச்சூழலைக் கெடுக்காம, வீணாக்காம செய்யிற ஸ்டோருல இருந்து மட்டும் நேரா வாங்கப் போறானாம். அவன் சொல்றபடி ஸ்டோரை மாத்தி அமைச்சுக் காட்டினா நம்ம ஸ்டோரு தப்பிக்கும். இல்லன்னா ஆம்பளைங்களை வேற ஸ்டோருக்கு அனுப்பிருவாங்க, பொம்பளைங்க எல்லாம் மலைக்கு.

பொம்பளைங்க எல்லாம் மலைக்குன்னா அதுல எங்கம்மாவும் சேர்த்தின்னு டீமேக்கர் ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேனையைக் காதுல இருந்து எடுத்தேன்.

அடுத்த கெழமை கொழும்புல இருந்து ஒரு இஞ்சினியர் வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. பெக்டரிக்குள்ள எதை எங்க வைக்கிறதுங்கிறதைப் படிச்சுப் பட்டம் வாங்கினவராம். அப்பிடி ஒரு படிப்பு இருக்கிறதே எங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும். நல்ல மனுசன், அதையும் சொல்லணும். மூணு நாள் டேப்பைப் பிடிச்சு ஸ்டோரை அளந்தாரு, நான் மத்த முனையைப் பிடிச்சேன். நாலாம் நாள் சல்லடை ரூம் நடுவுல நின்னுட்டு, "பிள்ளை, உந்த மேசையள் ஏன் இப்பிடி நிலத்தோட ஒட்டிக்கொண்டு நிக்குது?" அப்பிடின்னு கேட்டாரு.

"மேசைன்னா நிக்கத்தானேங்க செய்யும், சேர்," அப்பிடின்னேன்.

"அதுதான் பிழை," அப்பிடின்னாரு.

அவரு சொன்னது என்னன்னா, வாங்கிறவன் இன்னிக்குக் கறுப்புத் தேயிலை கேப்பான், நாளைக்குப் பச்சைத் தேயிலை கேப்பான், நாளன்னைக்கு சின்னச் சின்னப் பெட்டியில கேப்பான். ஒவ்வொண்ணுக்கும் புதுக் கட்டடம் கட்டினா சீமெந்து வீண், காசு வீண், காடு வீண். அதனால ஒரே ஸ்டோரு அரை நாளைக்குள்ள மூணு விதமா மாறணும். மாறணும்னா எல்லாம் உருளணும். ரோலரையும் டிரையரையும் அசைக்க முடியாது, அதுங்க சீமெந்துல பொதைச்சது. மத்த எல்லாத்துக்கும் சக்கரம். கேக்கும்போது ரொம்ப நியாயமா இருந்துச்சு. இப்ப யோசிச்சாலும் நியாயமாத்தான் இருக்கு, அதுதான் ஆத்தாமையா இருக்கு.

ஸ்டோரைப் பெரிய தாள்ல வரைஞ்சு, ஒவ்வொரு சாமானையும் அளவுப்படி கடதாசியில வெட்டி, அதுமேல வச்சு நகத்தி நகத்திப் பார்த்தோம். எங்க ஆபீசு ஜன்னலுக்குக் கண்ணாடி பாதிதான். ஒரு காத்து அடிச்சதும் டிரையர் பறந்து போய் டீமேக்கர் ஐயாவோட பிளேன்டீக்குள்ள விழுந்துச்சு. அசையவே அசையாதுன்னு நாங்க முடிவு பண்ணின சாமான்ல அதுவும் ஒண்ணு. ஐயா அதை விரலால எடுத்து, ஊதிக் காய வச்சு, பழைய எடத்துல வச்சாரு. கறுப்புக்கு மஞ்சக் கோடு, பச்சைக்குப் பச்சைக் கோடு, பெட்டிக்கு நீலக் கோடுன்னு தரையில பெயின்ட் அடிக்க முடிவாச்சு.

சக்கரம் வந்துச்சு. தோட்டத்து வெல்டிங்காரரு பதினோரு நாள் இருந்து எல்லாத்துக்கும் பூட்டினாரு. சலிக்கிற மேசை, புளிக்க வைக்கிற தட்டு, மூட்டை தைக்கிற பெஞ்சு, தராசு, பைல் அலுமாரி, டீமேக்கர் ஐயாவோட மேசை. ஐயா எவ்வளவோ சொன்னாரு, நான் எங்கயும் போகப் போறதில்ல, எனக்கு எதுக்குச் சக்கரம்னு. இஞ்சினியர் சேர் கேக்கல. எல்லாம்னா எல்லாமும்தான்.

இதுல யாரும் யோசிக்காதது ஒண்ணு இருந்துச்சு. தேயிலை ஸ்டோருல தெனமும் தரையைக் கழுவுவாங்க. கழுவின தண்ணி ஓடணும்னு வெள்ளக்காரன் தரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரிவாத்தான் போட்டிருக்கான். நூறு வருஷமா தண்ணிக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் அது. அன்னிக்கு மேசைக்கும் தெரிஞ்சு போச்சு.

காலையில மெஷினைப் போட்டாங்க. ரோலர் சுத்த ஆரம்பிச்சா அந்தக் கட்டடமே லேசா அதிரும். அதிர்வு வந்ததும் எட்டுச் சல்லடை மேசையும் மெதுவா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, பின்பக்கத்துல தண்ணி ஓடுற காணைப் பார்த்துப் பொறப்பட்டுச்சு. பொம்பளைங்க கையை எடுக்காமலே சலிச்சுக்கிட்டு கூடவே நடந்தாங்க. தராசுல மூட்டையை வச்சா அது கெளம்பிரும், எடை பாக்கிற அண்ணன் முள்ளைப் பாக்கிறதுக்காகக் குனிஞ்சபடியே பின்னால போவாரு. டீமேக்கர் ஐயா ஒரு கடிதம் எழுத ஆரம்பிச்சா, கீழ கையெழுத்துப் போடும்போது அலுமாரிப் பக்கம் போயிருப்பாரு. ஒரு நாள் நான் ஆபீசுக்குள்ள போறேன், ஐயா கதிரையில இருக்காரு, மேசை வாசல்ல இருக்கு. "தங்கச்சி, அதைக் கொஞ்சம் கூப்பிடு," அப்பிடின்னாரு.

ரெண்டு நாள் பார்த்துட்டு அம்மாதான் மொதல்ல சாக்குக் கயித்தை எடுத்து அவங்க மேசையைத் தூணோட கட்டினாங்க. மத்த ஏழு பேரும் கட்டினாங்க. இஞ்சினியர் சேர் வந்து பார்த்துட்டு மொகம் சுருங்கிப் போனாரு.

"உந்த மேசையளை ஏனம்மா கட்டி வைச்சிருக்கிறியள்?"

"ஓடுதுங்க சேர்."

"ஓடத்தானே வேணும்."

"வேலை செய்யையிலயும் ஓடுதுங்க," அப்பிடின்னாங்க அம்மா. "நாங்களும் ஓடுறதா இருந்தா சரிங்க. எனக்கு முட்டி ஏலாது."

அவரு அதை நோட்டுல எழுதிக்கிட்டாரு. அடுத்த மாசம் பிரேக் வந்துச்சு. எண்ணிக்கை பத்தல, அதனால ஒரு மேசைக்கு ஒரு சக்கரத்துக்கு மட்டும் போட்டாங்க. அதுக்கப்புறம் மேசை ஓடல, நின்ன எடத்துலயே சுத்துச்சு. அம்மா மறுபடி கயித்தை எடுத்தாங்க.

ரோதமுனி பிரச்சினை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. எங்க ஆளுங்க சக்கரத்தை ரோதைன்னு சொல்லுவாங்க. பழைய காலத்துல ஸ்டோரு முழுக்க ஓட்டின பெரிய ரோதைக்குக் காவல் சாமி ரோதமுனி. எங்க ஸ்டோருல ரோலர் ரூம் நடுவுல, அந்தத் துருப்பிடிச்ச ரோதைக்கு அடியில, ஒரு கல்லு, ஒரு சூலம், ஒரு மஞ்சத்துணி. காலையில எஞ்சின் டிரைவர் அண்ணன் அங்க சூடம் கொளுத்தாம யாரும் சுவிட்சுல கை வைக்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சேவல், சாராயம், சுருட்டு. பச்சைக் கோடு நேரா அவரு தலைமேல போச்சு.

இஞ்சினியர் சேரும் சாமி கும்பிடுறவருதான். ரொம்ப மரியாதையா, "இவரைக் கொஞ்சம் அங்கால வைக்கேலாதோ? ஒரு பன்ரெண்டு அடி?" அப்பிடின்னு கேட்டாரு.

"வைக்கலாங்க சேர்," அப்பிடின்னாரு எஞ்சின் டிரைவர் அண்ணன். "ஆனா அதுக்கப்புறம் மெஷினை நீங்கதான் போடணும். எங்கள்ல யாரும் போட மாட்டோம்."

டீமேக்கர் ஐயா இஞ்சினியர் சேரைத் தனியாக் கூட்டிட்டுப் போய், வேற எதை வேணும்னாலும் நகத்துங்க, என்னைய வேணும்னாலும் நகத்துங்க, இவரை விட்டுருங்கன்னு சொன்னாரு. சேர் விடல. கடைசியில, சாமிகிட்டயே கேட்டுருவோம்னு முடிவாச்சு. ஒரு பொட்டலத்துல செவப்புப் பூ, ஒண்ணுல வெள்ளைப் பூ. செவப்பு வந்தா நகர்றாரு, வெள்ளை வந்தா இருக்காரு. யாரு எடுக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் எங்கம்மாவைச் சொன்னாங்க. அம்மா கண்ணை மூடி எடுத்தாங்க. வெள்ளை.

இஞ்சினியர் சேர் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, "அப்ப கோட்டை வளைப்பம்," அப்பிடின்னாரு. பச்சைக் கோடு ரோதமுனிகிட்ட வந்ததும் ஒரு வயித்தைப் போட்டு வளைஞ்சு போச்சு. வளைக்கிறது லேசு. ஆனா படத்துல எடம் பிடிக்கிற எதுக்கும் ஒரு நம்பரும், அது என்ன வேலை செய்யிதுங்கிற வெவரமும் இருக்கணுமாம். இல்லன்னா படம் செல்லாது. நம்பர் ஏழுன்னு போட்டேன். வேலை என்னன்னு எழுதுறதுன்னு தெரியாம டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டேன். அவரு கொஞ்சம் யோசிச்சு, "பாதுகாப்பு," அப்பிடின்னாரு. உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு ரெண்டு கட்டம். உள்ள: சூடம், தேங்கா, சாராயம், சுருட்டு, வருஷத்துக்கு ஒரு சேவல். வெளிய: தேங்காச் செரட்டை, சாம்பல். செரட்டை அடுப்புக்குப் போகுது, சாம்பல் நாத்துமேடைக்குப் போகுது, சேவலை எல்லாரும் சாப்பிட்டுர்றோம். வீணாப் போறது: ஒண்ணுமில்ல. இஞ்சினியர் சேர் அதை ரெண்டு தரம் வாசிச்சாரு. "பிள்ளை, நாங்கள் சொல்லுற மாதிரி ஒழுங்கா நடக்கிற இடம் இந்த ஸ்டோரில இது ஒண்டுதான்," அப்பிடின்னாரு. அதுல கிண்டல் இல்ல.

வெளிநாட்டுக்காரங்க வர்றதுக்கு மொத நாள் மத்தியானம், அவங்க கம்பனி அனுப்பின பாரத் தாள் ஒண்ணைக் கடைசியா எழுதி நெரப்பணும். ஸ்டோருல இருக்கிற எல்லாத்தையும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'நகர்த்தலாமா' அப்பிடின்னு ஒரு கட்டம். ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு. மெஷினும் மேசையும் முடிஞ்சு கடைசிப் பக்கத்துல ஆளுங்களும் இருந்தாங்க. 'இல்லை'ன்னு எழுதினா ஏன்னு தனித் தாள்ல காரணம் எழுதி, அத்தாட்சி ஒட்டி, ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். அதோட, "கன 'இல்லை' வந்தால் அவை யோசிப்பினம்," அப்பிடின்னு, 'இல்லை' நெறைய இருக்கக் கூடாதுன்னு, இஞ்சினியர் சேர் ஏற்கனவே சொல்லியிருந்தாரு. ரோலருக்கு ஒரு தாள், டிரையருக்கு ஒரு தாள், ரோதமுனிக்கு மட்டும் ரெண்டு தாள் எழுதி எனக்குக் கை வலிச்சுச்சு. சல்லடை ரூம் பொம்பளைங்க, எட்டுப் பேர் அப்பிடிங்கிற வரி வந்துச்சு. ஒரு செக்கன் பேனை நின்னுச்சு. டிஸ்பென்சரித் துண்டு வீட்டுல தகரப் பெட்டிக்குள்ள இருக்கு, போய் எடுத்துட்டு வர அரை மணித்தியாலம். இந்த மேசையில இருந்து அந்த மேசைக்கு மாத்தலாமான்னுதானே கேக்குறாங்கன்னு நானே நெனைச்சுக்கிட்டேன். அம்மாவோட வேலையைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்னும் நெனைச்சேன். ஆமான்னு எழுதிட்டு பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் வந்தது ஒரு வெள்ளக்காரம்மா. நல்ல ஒயரம், கையில தாள் சொருகின எழுதுற அட்டை, காலுல பெரிய பூட்ஸ். அவங்க கேக்கிறதை இஞ்சினியர் சேர் தமிழ்ல சொல்லுவாரு, நாங்க சொல்றதை இங்கிலீசுல சொல்லுவாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு, கோடு வளையிற எடம் வரைக்கும். இங்க ஏன் வளையிதுன்னு கேட்டாங்க. சேர் படத்தைக் காட்டி, நம்பர் ஏழு, பாதுகாப்புன்னாரு.

பாதுகாப்புக்குப் பொறுப்பானவரு எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் இங்க இருப்பாருன்னு கேட்டாங்க.

"எந்நேரமும் இருப்பாருங்க," அப்பிடின்னாரு எஞ்சின் டிரைவர் அண்ணன்.

லீவு குடுக்கிறதில்லையான்னு கேட்டாங்க. அவரு கேட்டதேயில்லைங்கன்னு அண்ணன் சொன்னாரு. அவரு பொறுப்பு எடுத்த பெறகு எத்தனை விபத்து நடந்துச்சுன்னு கேட்டாங்க. "முந்தி ஒருத்தருக்குக் கை போச்சுங்க. அதுக்கப்புறந்தான் இவரை வச்சோம். பெறகு ஒண்ணுமில்லைங்க." வெள்ளக்காரம்மா அட்டையில நீளமா எழுதினாங்க. இஞ்சினியர் சேருக்கு நெத்தி வேர்த்திருச்சு, ஆனா ஒரு வார்த்தையையும் மாத்திச் சொல்லல. கிட்டப் போய்ப் பாக்கணும்னா பூட்ஸைக் கழட்டணும்னு அண்ணன் சொன்னாரு. ஸ்டோருக்குள்ள பூட்ஸைக் கழட்டக் கூடாதுன்னு அவங்க கையில இருந்த அட்டையிலயே இருக்கு. அந்தம்மா பாவம், ரொம்ப நேரம் யோசிச்சு, ஒரு பூட்ஸைக் கழட்டி ஒரு காலால நின்னு பார்த்தாங்க.

அப்புறம் பரீட்சை. மஞ்சக் கோட்டுல இருந்து பச்சைக் கோட்டுக்கு ஸ்டோரை அரை நாளைக்குள்ள மாத்திக் காட்டணும். டீமேக்கர் ஐயா விசில் அடிச்சாரு. பொம்பளைங்க கயித்தை அவுத்து, பிரேக்கை விட்டாங்க. அவ்வளவுதான். மஞ்சள்ல இருந்து பச்சைக்குப் போறது எறக்கம். மேசை, தட்டு, பெஞ்சு, தராசு எல்லாம் தானே கெளம்பி, ரோதமுனிகிட்ட வந்ததும் எங்காளுங்க லேசாக் கையால திருப்பிவிட, போய்ச் சேர்ந்துச்சு. அலுமாரியும் போச்சு. டீமேக்கர் ஐயாவோட மேசை அழைக்காமலே ஆபீசை விட்டு வெளிய வந்து கடைசியாப் போய் நின்னுச்சு. ஒரு மணித்தியாலம்கூட ஆகல. கரண்டு இல்லாம, எண்ணெய் இல்லாம, ஒருத்தரும் தள்ளாம ஒரு பெக்டரி மாறுறதை அந்தம்மா எந்த நாட்டுலயும் பார்த்ததில்லையாம். சேரோட கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. எறக்கத்துல போனதைத் திரும்ப ஏத்தத்துல மஞ்சளுக்குக் கொண்டு வர எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ள அவங்க வேன் ஏறிப் போயிட்டாங்க.

நாங்க பாஸ். ஸ்டோரு வாசல்ல பன்னும் பிளேன்டீயும் குடுத்தாங்க. அன்னிக்கு எங்கம்மா எல்லார்கிட்டயும், படம் போட்டது எம்மகதான், படம் போட்டது எம்மகதான்னு சொல்லிக்கிட்டு நின்னாங்க. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு. ஒரு மூணு மாசம் வெளிநாட்டுக்கு நேரா சரக்குப் போச்சு. ஸ்டோரு தப்பிச்சிருச்சுன்னு நான் தெம்பாத் திரிஞ்சேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில பெரட்டுக் களத்துல, ஆளுங்களுக்கு வேலை பிரிச்சு விடுற நேரத்துல, கம்பனிக் கடிதத்தை வாசிச்சாங்க. நல்ல கடிதம். எங்களை அப்பிடிப் புகழ்ந்திருந்தாங்க. எங்க ஸ்டோரு மாதிரி லேசா நகரக்கூடிய ஸ்டோரு இந்தப் பக்கத்துலயே இல்லையாம். ஒரு மணித்தியாலத்துல ரூமுக்கு ரூம் மாறக்கூடிய ஸ்டோரு, ஒரு நாள்ல தோட்டத்துக்குத் தோட்டமும் மாறலாம்தானேன்னு யோசிச்சாங்களாம். கொத்மலைப் பக்கத்துல கம்பனிக்குப் பெரிய ஸ்டோரு ஒண்ணு இருக்கு. மூணு அடுப்புக்குப் பதிலா ஒரு அடுப்பு, மூணு தோட்டத்துக் கொழுந்தும் அங்க. வெறகு மிச்சம், காடு மிச்சம். வெளிநாட்டுக் கம்பனிக்கும் ரொம்ப சந்தோசமாம்.

நாலு லொறி வந்துச்சு. பலகையைச் சாத்தி வச்சதும் எல்லாம் உருண்டு ஏறிருச்சு. நான் போட்ட படத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஏத்தினாங்க, ஒரு பொருள் தவறல. மத்தியானச் சோத்துக்கு முன்னால ஸ்டோரு காலி. ரோலரையும் டிரையரையும் ரோதமுனியையும் விட்டுட்டுப் போனாங்க, அதுக்கெல்லாம் 'இல்லை'ன்னு எழுதியிருந்துச்சே. இஞ்சினியர் சேர் விசயம் கேள்விப்பட்டு கொழும்புல இருந்து போன் பண்ணினாரு. "பிள்ளை, சத்தியமா நான் உதுக்காகச் செய்யேல்லை," அப்பிடின்னாரு. அழுற மாதிரி இருந்துச்சு குரல்.

என்னையப் பெரிய ஸ்டோருக்கு மாத்தி இருந்தாங்க, படம் போடுற வேலைக்கே. சல்லடை ரூம் எட்டுப் பேருக்கும் அடுத்த திங்கக்கெழமையில இருந்து மலை. நான் டிஸ்பென்சரித் துண்டை எடுத்துக்கிட்டு தோட்டத்தை நடத்துற தொரையோட ஆபீசுக்கு ஓடினேன். தோட்டத்துக்குப் புது தொரை, மரியாதையான ஆளு. துண்டை வாங்கி நல்லாத்தான் பார்த்தாரு. "இது பழசுதானே," அப்பிடின்னாரு. அப்புறம் பைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வச்சாரு. "இது புதுசு. இதுல நகர்த்தலாம்னு இருக்கு. நீங்கதானே எழுதினீங்க?"

என் கையெழுத்து நல்லா இருக்கும். ஸ்கூல்ல பரிசு வாங்கியிருக்கேன். சல்லடை ரூம் பொம்பளைங்க, எட்டுப் பேர், ஆமா. தெளிவா இருந்துச்சு.

அதை மாத்தணும்னா வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதி, அவங்க திரும்ப வந்து ஸ்டோரைப் பார்த்துக் கையெழுத்துப் போடணுமாம். எந்த ஸ்டோரைப் பாக்கிறதுன்னு நான் கேட்டேன். தொரைக்கும் தெரியல.

திங்கக்கெழமை விடியக்காலையில அம்மா லயத்து வாசல்ல உக்காந்து முட்டிக்குத் துணியைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. நான் பெரிய ஸ்டோருக்குப் போக பஸ் பிடிக்கிறதுக்கு வெளிக்கிட்டு நிக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பாரத்தைப் பத்தி நான் வாயே தெறக்கல. அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னேன். கட்டத்தை, ஆமாவை, துண்டு எடுக்க வீட்டுக்கு வராததை, எல்லாத்தையும். அடிச்சாலும் பரவாயில்ல, ஏதாவது சொன்னாப் போதும்னு நின்னேன்.

அம்மா துணியை முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாங்க. "தெரியும்," அப்பிடின்னாங்க. "தொரை ஆபீசுல வேலை செய்யிற புள்ள சொல்லுச்சு. ஸ்டோரு நிக்கணும்னுதானே எழுதின. நீ கேட்டிருந்தா நானே ஆமா போடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் கூடையை எடுத்துக் குடுக்கக் கையை நீட்டினேன். அவங்க எனக்கு முன்னால எடுத்துக்கிட்டாங்க.

"கேட்டிருக்கலாம்ல," அப்பிடின்னுட்டு, ஒரு கையால முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுப் படியில ஏற ஆரம்பிச்சாங்க.